டெக்சாஸில் உள்ளூர் வரியையும் கடனையும் கட்டுப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது வீட்டு வரி. கவுன்டி, நகரம், பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி, மருத்துவமனை மாவட்டம், புறநகர்களில் எம்.யு.டி. (குடிநீர், கழிவுநீர் வசதிக்கான மாவட்டம்) என்று ஒரே வீட்டின் மேல் நான்கைந்து அமைப்புகள் தனித்தனியாக வரி போடுகின்றன. பில் அக்டோபர் வாக்கில் வரும். ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்தப் பில்லைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். வரிவீதம் ஆகஸ்ட், செப்டம்பரில் முடிவாகிறது. வரியை அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தூக்கிப் பிடிக்கும் கடன்களோ, யாரும் கவனிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் கூட்டத்தில் நிறைவேறிவிடுகின்றன.

ஆகவே இந்த வழிகாட்டி முக்கியமாகக் கடனைப் பற்றியது. வரிவீதத்துக்கு மாநிலச் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. ஆனால் கடனைத் திருப்பிக் கட்டும் பகுதி அந்தக் கடிவாளத்துக்கு வெளியே இருக்கிறது. அந்தக் கதவை மூடும் அதிகாரத்தை அதே சட்டம் வாக்காளர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

யார் எதைச் செய்யலாம்

ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், ஷுகர்லேண்ட், ரவுண்ட்ராக் பகுதிகளில் வாழும் தமிழர்களில் பலர் ஹெச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறார்கள். அவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும். வாக்களிப்பதும் இங்கே சொல்லப்போகும் மனுவில் கையெழுத்திடுவதும் குடியுரிமை பெற்றுப் பதிவு செய்த வாக்காளர்களுக்கு மட்டுமே உரியவை. குடியுரிமை இல்லாதவர் தெரியாமல் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டால்கூட அது குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் கேட்கப்படும் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். வேட்பாளர்களுக்கு நன்கொடை தர கிரீன் கார்டு உள்ளவருக்கு அனுமதி உண்டு, விசாவில் இருப்பவருக்கு இல்லை.

ஆனால் கூட்டத்தில் பேசவும், ஆவணங்கள் கேட்கவும், வீட்டு மதிப்பீட்டை எதிர்த்து முறையிடவும் குடியுரிமை தேவையில்லை. கணக்கு பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு குழுவுக்கு மிகவும் தேவை. அந்த வேலையை எந்த விசாவில் இருப்பவரும் செய்யலாம்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் தமிழ்ச் சங்கமோ கோயிலோ 501(சி)(3) எனப்படும் வரிவிலக்கு பெற்ற அறப்பணி அமைப்பாக இருந்தால் அது வேட்பாளர் எவருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இயங்கவே கூடாது. வாக்கெடுப்புத் தீர்மானங்களைப் பற்றி ஓரளவு பேச அனுமதி இருந்தாலும், அது லாபியிங் கணக்கில் வரும். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலைத் தொடாதீர்கள். தனிக் குழுவாக இயங்குங்கள்.

ஆண்டு நாள்காட்டி

ஏப்ரல், மே மாதங்களில் மதிப்பீட்டு அறிவிப்பு வரும். முறையீட்டுக்குக் கடைசி நாள் மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாள், இவற்றில் எது பிந்தியதோ அது. இது உங்கள் சொந்த வீட்டுக்கான சண்டை. செய்யுங்கள், ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள். ஊரில் எல்லாருடைய மதிப்பும் ஏறினால் ஒருவர் தன் மதிப்பைக் குறைத்துக்கொள்வதால் நகர மன்றத்தின் செலவு குறையாது.

ஜூலை 25 வாக்கில் மதிப்பீட்டு அலுவலகம் சான்றளித்த பட்டியலை ஒவ்வொரு அமைப்புக்கும் அனுப்பும். ஆகஸ்ட் 7-ஐ ஒட்டி வரிவீதக் கணக்குகள் வெளியாகும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பட்ஜெட் கூட்டங்கள், பொது விசாரணை, இறுதி வாக்கு. பெரும்பாலான நகரங்களின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. கடன் அறிவிப்புக்கு மட்டும் பருவம் கிடையாது. எந்த மாதமும் வரலாம்.

எண்களைப் படிப்பது

"வரிவீதத்தைக் குறைத்துவிட்டோம்" என்பது மேடையில் அதிகம் கேட்கும் வாக்கியம். அது உண்மையாகவும் இருக்கும், உங்கள் பில்லும் ஏறியிருக்கும். ஒரு மாதிரிக் கணக்கு: சென்ற ஆண்டு உங்கள் வீட்டின் வரிக்குரிய மதிப்பு 4,00,000 டாலர், நகர வரி 100 டாலருக்கு 45 சென்ட். பில் 1,800. இந்த ஆண்டு மதிப்பு 4,40,000, வரி 44 சென்ட். பில் 1,936. வீதம் ஒரு சென்ட் குறைந்தது, நீங்கள் 136 டாலர் அதிகம் கட்டுகிறீர்கள்.

இதைப் பிடிக்கச் சட்டமே ஒரு அளவுகோல் தந்திருக்கிறது: நோ-நியூ-ரெவென்யூ ரேட். சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் இருக்கும் அதே சொத்துகளிலிருந்து அதே தொகையை வசூலிக்க எந்த வீதம் போதுமோ அது. இதற்கு மேல் ஒரு சென்ட் வைத்தாலும் அது வரி உயர்வுதான். அதற்கான மன்ற வாக்கில் யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவாக வேண்டும், மன்ற உறுப்பினர்களில் 60 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும், தீர்மானத்தை முன்மொழிபவர் இது நடைமுறையில் இத்தனை சதவீத உயர்வு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நொடியை வீடியோவில் எடுத்து வையுங்கள்.

அடுத்த எண் வோட்டர்-அப்ரூவல் ரேட், அதாவது மக்களிடம் வாக்குக் கேட்காமல் மன்றம் வைக்கக்கூடிய உச்ச வீதம். 2019-இல் நிறைவேறிய செனட் மசோதா 2, நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் இருந்த 8 சதவீத ஆண்டு உயர்வு எல்லையை 3.5 ஆகக் குறைத்தது. அதைத் தாண்டினால் தானாகவே வாக்கெடுப்பு வரும். சிறிய நகரங்களுக்குச் சில சலுகைகள் உண்டு; முந்தைய ஆண்டுகளில் பயன்படுத்தாத இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள முடியும். ஆகவே 3.5-க்கு மேல் போய்விட்டார்கள் என்று அவசரப்பட்டுக் குற்றம் சாட்டாமல் கணக்குத்தாளை வரிவரியாகப் பாருங்கள். 50-856 என்ற எண் கொண்ட படிவம் அது; ஒவ்வொரு அமைப்பும் வெளியிட வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். மொத்த வரிவீதம் இரண்டு துண்டுகளால் ஆனது: நடைமுறைச் செலவுக்கான எம்&ஓ, கடனுக்கான ஐ&எஸ். 3.5 சதவீத எல்லை எம்&ஓ-வுக்கு மட்டுமே. கடனை ஏற்றினால் ஐ&எஸ் எவ்வளவு தேவையோ அவ்வளவு ஏறும். சாதாரணமாகப் பட்ஜெட்டில் இருந்து வாங்க வேண்டிய வண்டிகளையும் மென்பொருளையும் கடனில் வாங்குவது எம்&ஓ-வில் இடம் ஏற்படுத்தும் வழி. ஐ&எஸ் ஐந்து ஆண்டுகளில் எப்படி நகர்ந்திருக்கிறது என்று ஒரே ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். பாதிப் பேச்சு அதில் இருக்கிறது.

பட்ஜெட்டின் அட்டைப் பக்கத்தையும் பாருங்கள். சென்ற ஆண்டைவிட எத்தனை டாலர், எத்தனை சதவீதம் அதிகச் சொத்து வரி திரட்டப்படுகிறது என்பதை 18 புள்ளி எழுத்திலோ அதைவிடப் பெரிதாகவோ அச்சிட வேண்டும் என்கிறது சட்டம். அதைக் கத்தரித்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். உங்கள் சொந்த வார்த்தைகளைவிட அது வலுவானது. 2025-இல் வந்த ஹவுஸ் மசோதா 1522-க்குப் பிறகு, பட்ஜெட் கூட்ட அறிவிப்போடு நடுத்தர மதிப்புள்ள வீட்டின் பில் எவ்வளவு மாறும் என்ற தகவலும் வர வேண்டும். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

ஆவணம் கேட்பது

டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டம், அரசுச் சட்டத்தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம். காரணம் சொல்லத் தேவையில்லை; அவர்கள் கேட்கவும் கூடாது. எழுத்தில் கேளுங்கள், நகரச் செயலர் காட்டும் இணைய வாயில் வழியாகவே அனுப்புங்கள். எதையாவது மறைக்க விரும்பினால் அவர்கள் பத்து வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கேட்க வேண்டும்.

இங்கே அதிகம் கெடுவது கேள்வியின் அகலம். "சாலைத் திட்டம் தொடர்பான எல்லா மின்னஞ்சல்களும்" என்று கேட்டால் நூற்றுக்கணக்கான டாலர் மதிப்பீடு வரும். கட்டணம் 40 டாலரைத் தாண்டினால் முன்கூட்டியே விவரம் அனுப்புவார்கள். பத்து வேலை நாளுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். இப்படியே பல கோரிக்கைகள் சாகின்றன. 50 பக்கத்துக்குள் இருந்தால் ஊழியர் நேரக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. ஆகவே பெயர், தேதி, ஆவண வகை மூன்றையும் குறுக்குங்கள்: "இந்த இரண்டு தேதிகளுக்கு இடையே இந்த நிறுவனத்துக்குக் கொடுத்த காசோலைகளின் பட்டியல், எக்ஸெல் வடிவில்." எக்ஸெல் என்று சொல்ல மறக்காதீர்கள், ஸ்கேன் செய்த பிடிஎஃப் வந்தால் கூட்டிப் பார்க்கவே ஒரு வாரம் போகும்.

முதலில் கேட்க வேண்டியவை மூன்று: கடந்த மூன்று ஆண்டுகளின் செலவுப் பதிவேடு, ஒவ்வொரு கடனுக்குமான திருப்பிக் கட்டும் அட்டவணை, வெளித் தணிக்கையாளரின் மேலாண்மைக் கடிதம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கட்டுப்பாடுகள் எங்கே ஓட்டையாக இருக்கின்றன என்று நகரமே பணம் கொடுத்து எழுதி வாங்கிய கடிதம் அது. தணிக்கை அறிக்கை நிதியாண்டு முடிந்து 180 நாளுக்குள் நகரச் செயலரிடம் வந்திருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள்.

மன்றத்தில் பேசுவது

2019-இல் இருந்து, நிகழ்ச்சிநிரலில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும், மன்றம் அதை எடுத்துக்கொள்வதற்கு முன்போ எடுக்கும்போதோ பேச உங்களுக்கு உரிமை உண்டு. நேரத்துக்கு வரம்பு வைக்கலாம், பெரும்பாலும் மூன்று நிமிடம். விமர்சனத்தைத் தடுக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத இடத்தில், குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும். ஊரிலிருந்து வந்து, குடியுரிமை பெற்று, ஓய்வூதியத்தில் வரி கட்டும் பெற்றோர் தமிழிலேயே பேசலாம்.

மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு எண்ணும் ஒரே ஒரு கோரிக்கையும் சொல்லுங்கள். "நோ-நியூ-ரெவென்யூ வீதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பது கோரிக்கை. "வீண் செலவை நிறுத்துங்கள்" என்பது கோரிக்கை அல்ல. அதற்கு எதிராக எந்த உறுப்பினரும் வாக்களிக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் வந்தால் பத்து வெவ்வேறு செலவு வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பேச்சைப் பத்து முறை கேட்டால் மன்றம் மூன்றாவது ஆளோடு காதை மூடிக்கொள்ளும்.

நிகழ்ச்சிநிரலில் கன்சென்ட் அஜெண்டா என்ற பகுதியைத் தவறாமல் படியுங்கள். இருபது முப்பது விஷயங்கள் விவாதமின்றி ஒரே வாக்கில் போகும் இடம் அது. கீழே சொல்லப்போகும் கடன் அறிவிப்புத் தீர்மானம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐந்து சதவீத மனு

நகரமோ கவுன்டியோ பொதுமக்களின் வாக்கின்றிக் கடன் வாங்க உதவும் கருவி சர்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன், சுருக்கமாக சி.ஓ. 1971-இல் வந்த சட்டம். ஆனால் உள்ளாட்சிச் சட்டத்தொகுப்பின் 271.049-ஆம் பிரிவு ஒரு பூட்டு வைத்திருக்கிறது: அந்த ஊரின் தகுதியுள்ள வாக்காளர்களில் ஐந்து சதவீதம் பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டு, மன்றம் கடனை அங்கீகரிப்பதற்கு முன் கொடுத்துவிட்டால், வாக்கெடுப்பு இல்லாமல் அந்தக் கடனை வெளியிட முடியாது.

கடன் அறிவிப்பு, மன்றம் வாக்களிக்கும் நாளுக்கு முந்தைய 46-ஆவது நாளுக்கு முன்பே செய்தித்தாளில் தொடங்கி, இரண்டு வாரம் தொடர்ந்து, வாரம் ஒருமுறை வர வேண்டும். 45 நாள் முன்பிருந்து நகரத்தின் இணையதளத்திலும் இருக்க வேண்டும். கடனின் நோக்கம், உச்சத் தொகை, மதிப்பிட்ட வட்டி, இப்போதுள்ள மொத்தக் கடன் எல்லாம் அதில் இருக்கும். ஆக உங்கள் கையில் சுமார் ஆறரை வாரம். அறிவிப்பைப் பார்த்த பிறகு குழு அமைக்கத் தொடங்கினால் தோற்பீர்கள். மனுத்தாள், வாக்காளர் பட்டியல், பதினைந்து தொண்டர்கள், இவை முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இலக்கு: ஊரில் 60,000 வாக்காளர்கள் இருந்தால் 3,000 கையெழுத்து. பட்டியலில் சஸ்பென்ஸ் குறி உள்ளவர்கள் (முகவரி உறுதிப்படாதவர்கள்) மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடும்போது கழிக்கப்படுவார்கள், அதனால் உண்மையான எண் கொஞ்சம் குறையும். ஆனாலும் நீங்கள் 4,000-க்குத் திட்டமிடுங்கள். நான்கில் ஒன்று செல்லாது போகும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரு தொண்டர் மணிக்கு எட்டு என்றால் 500 மணி நேரம். பதினைந்து பேருக்குத் தலைக்கு 33 மணி. ஆறு வார இறுதிகளில் அடங்கும்.

வாக்காளர் பட்டியலைக் கவுன்டி வாக்காளர் பதிவாளரிடம் கட்டணம் கட்டி வாங்குங்கள். வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். கடந்த மே மாத நகரத் தேர்தலில் வாக்களித்தவர்களை முதலில் எடுங்கள். பல நகரங்களில் அந்தத் தேர்தலுக்குப் பத்து சதவீதம் பேர்கூட வருவதில்லை. வருபவர்கள் ஊர் விஷயம் அறிந்தவர்கள், கதவைத் திறந்ததும் புரிந்துகொள்வார்கள்.

மனுவின் ஒவ்வொரு தாளிலும் மேலே, எந்த அறிவிப்பு, எந்தத் தொகை, எந்த நோக்கம், 271.049-இன்படி எதிர்க்கிறோம் என்ற வாசகம் ஆங்கிலத்தில் முழுமையாக இருக்க வேண்டும். கீழே கட்டங்கள்: கையெழுத்து, அச்செழுத்தில் பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி அல்லது வாக்காளர் எண், ஊர் இரண்டு கவுன்டிகளில் பரவியிருந்தால் கவுன்டி, கையெழுத்திட்ட தேதி. தேர்தல் சட்டத்தின் 277-ஆம் அத்தியாயம் ஒரு வசதி தருகிறது: கையெழுத்து மட்டும்தான் அவர் கையால் இருக்க வேண்டும், மற்றதைத் தொண்டர் நிரப்பலாம். பட்டியலிலிருந்து பெயர், முகவரி, வாக்காளர் எண்ணை முன்பே அச்சிட்டுக்கொண்டு போனால் பிழை பாதியாகக் குறையும்.

எங்கே கெடுகிறது என்றால், முதலில் எல்லை. கேட்டி என்று தபால் முகவரி உள்ள பெரும்பாலான வீடுகள் கேட்டி நகர எல்லைக்குள் இல்லை. சைப்ரஸ், ஸ்பிரிங் என்பவை நகரமே இல்லை. மளிகைக் கடை வாசலில் நின்று வாங்கும் கையெழுத்துகளில் செல்லாதவை அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, கணவர் மனைவிக்கும் சேர்த்துப் போடுவது. நம் வீடுகளில் இது மிகச் சாதாரணம். கண்டிப்பாகத் தடுங்கள், ஒரே கையெழுத்துச் சாயலில் இரண்டு வரி இருந்தால் மனு முழுவதன் மேலும் சந்தேகம் விழும். மூன்றாவது, தேதியை விடுவது. ஜிப் கோடு விட்டுப்போனால் பரவாயில்லை. இணையத்தில் திரட்டிய கையெழுத்துகளை இதில் நம்பாதீர்கள்.

ஒவ்வொரு இரவும் அன்று வந்த தாள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, செல்லுபவை எத்தனை என்ற எண்ணை மட்டும் குழுவுக்கு அறிவியுங்கள். மொத்த எண்ணை அறிவித்தால் எல்லாரும் ஒரு வாரம் முன்பே ஓய்ந்துவிடுவார்கள்.

கொடுத்த பிறகு மனுவோடு பொதுவாக எதையும் சேர்க்க முடியாது. எனவே ஒரே தவணையில், வாக்குக்கு இரண்டு வேலை நாள் முன்பு, அலுவலக நேரத்தில், நகரச் செயலரிடம் கொடுங்கள். பக்க எண் இடுங்கள், முழுவதையும் ஸ்கேன் செய்யுங்கள், தேதியும் நேரமும் கொண்ட முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

கதவில் நின்று என்ன சொல்வது? கடனின் முழு விலையை. 30 மில்லியன் டாலரை 4 சதவீத வட்டியில் 20 ஆண்டு கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 2.2 மில்லியன், மொத்தம் 44 மில்லியனுக்கு மேல். பிறகு ஒரே வாக்கியம்: "வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, எங்களைக் கேட்டு வாங்குங்கள் என்கிறோம்." திட்டத்தை விரும்புபவர்கள்கூட இதற்குக் கையெழுத்திடுவார்கள். குடிநீர்க் குழாய், வடிகால், தீயணைப்பு நிலையம் போன்றவற்றை எதிர்த்து மனு எடுக்காதீர்கள். உண்மையான தேவையை எதிர்க்கும் குழுவை ஊர் ஒருமுறைதான் மன்னிக்கும். பேரிடர், பொதுச் சுகாதாரம் போன்ற அவசரங்களில் சட்டமே விதிவிலக்கு அளிக்கிறது.

வாக்கெடுப்பு வந்துவிட்டால்

வெல்ல முடியும். 2025 மே மாதம் ஃபிரிஸ்கோ வாக்காளர்கள் கலை அரங்க வளாகத்துக்கான இரண்டு தீர்மானங்களையும் நிராகரித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்டின் நகரம் வோட்டர்-அப்ரூவல் வீதத்துக்கு மேல் ஐந்து சென்ட் கேட்டது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்த ஊரில் சுமார் 63 சதவீதம் பேர் மறுத்தார்கள். மன்றம் பட்ஜெட்டைத் திரும்பத் திறந்து குறைக்க வேண்டிவந்தது. கட்சிப் பெயரைத் துண்டறிக்கையில் போடாதீர்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பணம் திரட்டும் முன் பொருளாளரை நியமிக்கும் படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். எந்தத் தொகையில் இருந்து கட்டாயம் என்பதை டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷனின் நடப்பு ஆண்டு அட்டவணையில் பாருங்கள். எதிர்த்தரப்பும் விதிக்கு உட்பட்டதே: பொதுப் பணத்தில் தீர்மானத்துக்கு ஆதரவாக விளம்பரம் செய்வது தேர்தல் சட்டத்தின் 255.003-ஆம் பிரிவின்படி குற்றம். நகரமோ பள்ளி மாவட்டமோ தகவல் தரலாம், வாக்குக் கேட்கக் கூடாது. அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு அஞ்சலட்டையையும் எடுத்து வையுங்கள்.

வீட்டு உரிமையாளர் சங்கம் (ஹெச்.ஓ.ஏ.) உங்கள் வீட்டு முன் உள்ள பிரசாரப் பலகையைப் பிடுங்கச் சொன்னால் அசையாதீர்கள். தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்புவரை, ஒரு தீர்மானத்துக்கு ஒரு பலகை வைப்பதை அவர்கள் தடுக்க முடியாது. தரையில் ஊன்றியதாக இருக்க வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகளை மட்டும் வைக்கலாம். வாக்குச்சாவடி வாசலிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் கூடாது, பனியனில் எழுதியிருப்பதும் பிரசாரமே.

கவுன்டி என்றால் ஒரு வேறுபாடு

கவுன்டியை நிர்வகிக்கும் ஐந்து பேர் கொண்ட மன்றமான கமிஷனர்ஸ் கோர்ட் வரி விதிக்க நான்கு பேர் அமர்ந்திருக்க வேண்டும். ஹாரிஸ் கவுன்டியில் 2019-இலும் 2022-இலும் இரண்டு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராமல் இருந்து, பெரும்பான்மை விரும்பிய வீதத்தைத் தடுத்தார்கள். 2022 தேர்தலில் அவர்கள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்ததும் அந்த வழி அடைபட்டது. உங்கள் கவுன்டியில் இரண்டு பேர் உறுதியாக இருக்கிறார்களா என்பதை ஜூலையிலேயே நேரில் கேட்டறியுங்கள்.

மனு வென்ற பிறகு

மன்றம் பின்வாங்கியதும் குழு கலைந்துவிடுவது வழக்கம். அடுத்த ஆறு மாதத்தில்தான் கவனம் வேண்டும். அதே வேலைக்கு டாக்ஸ் நோட் எனப்படும் ஏழு ஆண்டுக் கடன் வாங்கலாம்; அதற்கு மனுவும் இல்லை, வாக்கும் இல்லை. தொகையைப் பிரித்துச் சிறிய சி.ஓ. அறிவிப்புகளாகக் கொண்டுவரலாம். வாக்கெடுப்பில் தோற்ற அதே நோக்கத்துக்கு மூன்று ஆண்டுவரை சி.ஓ. வெளியிடப் பொதுவாகத் தடை உண்டு. அதனால் தோற்ற தீர்மானத்தின் வாசகத்தை அப்படியே சேமித்து, புதிய அறிவிப்பின் நோக்கத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். நிகழ்ச்சிநிரல் இப்போது மூன்று வேலை நாள் முன்பே வெளியாக வேண்டும். அதை ஒவ்வொரு வாரமும் திறந்து பார்க்கும் வேலையைப் பெயர் சொல்லி இருவரிடம் ஒப்படையுங்கள். ஒருவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும் வாரத்திலும் அதை இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும்.